எண்பது கிலோ பொய்

மாப்ள,

இன்று காலையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் குழாய் மூட்டு ஒழுகுகிறது என்று மருமகள் சத்தம் போட்டாள். நாற்பது வருஷம் மில்லில் பைப்பு முடுக்கியவன் வீட்டில் இருக்கும்போது வெளியாளைக் கூப்பிடுவதா? கடைக்குப் போய் எம்சீல் வாங்கி வந்தேன். கறுப்பு உருண்டை ஒன்று, வெள்ளை உருண்டை ஒன்று. இரண்டையும் சேர்த்து உள்ளங்கையில் பிசையப் பிசைய அந்த வாடை கிளம்பியது. அவ்வளவுதான். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிசைந்தது கையிலேயே இறுகிப்போனது.

மருமகள் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, கையில கல்ல வச்சிட்டு உக்காந்திருக்கீக?" என்றாள்.

அந்தக் கல்லை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நீ பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து இங்கிலீஷில் லெட்டர் அடித்தவன். நான் எழுதிக் கொடுக்கிற மளிகைச் சீட்டிலேயே சிவப்பு மையால் கோடு போட்ட ஆள். இப்போது கோடு போட ஆளில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

உன்னிடம் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றுக்கு மட்டும் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. படகு எண்பது கிலோதான் தாங்கும் என்று சொன்னேனே, அந்தப் பொய்.

எல்லாம் உன் முழங்காலில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய கண்மாய்க் கரையில் தூண்டிலோடு உட்கார்கிறவர்கள் நாம். நான் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவேன்; நீ வீட்டிலிருந்து நடந்து வருவாய். பிறகு உன் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. கரையின் கல் சரிவில் உன்னால் இறங்க முடியவில்லை. கரைமேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். தூண்டில் தண்ணீருக்கே எட்டவில்லை; கருவேலஞ்செடியில்தான் விழுந்தது.

"என்ன மாப்ள, இன்னிக்கு எத்தன கருவாடு புடிச்ச?" என்று கேட்டேன்.

நீ சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாய். எந்த ஊரோ தெரியவில்லை. ஒருவன் பெரிய ஏரி நடுவில் ஒரு பிளாஸ்டிக் படகின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து மீன் பிடித்தான். படகுக்குள் இல்லை, படகுக்கு மேலே.

"இதுக்குப் பேரு கயாக். கால மடக்க வேண்டாம். ஏறி ஒக்காந்தா போதும். ஒரு தடவையாச்சும் அந்தக் கண்மா நடுவுல போய் ஒக்காரணும்லே. இத்தன வருசமா ஓரத்துலயே ஒக்காந்துட்டோம்."

நீ எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் கேலி பண்ண வந்த வாயை மூடிக்கொண்டேன். செத்த நேரம்தான்.

புதுப் படகின் விலையைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் தலை சுற்றியது. என் மில் பென்ஷனில் வாங்குவதென்றால் துடுப்பு மட்டும் வரும். லாரி டியூபில் பலகை கட்டலாமா என்று நான் கேட்டேன். "நீயே போனா கவுந்துருவ, நான் எப்படிப் போவேன்?" என்றாய். சின்னப் பிள்ளைகள் காற்றடித்து விளையாடுகிற ரப்பர் படகு மலிவாகக் கிடைக்கிறது என்றேன்.

"கெளுத்தி ஒரு முள்ளு குத்துச்சுன்னா படகும் போச்சு, நீயும் போச்சு. கெட்டி பிளாஸ்டிக்குதான் வேணும். பழசாப் பாப்போம்" என்றாய்.

மூன்று மாசம் போனைத் தேய்த்து நீதான் கண்டுபிடித்தாய். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலையாளக் கரையில், மூடிப்போன ஒரு லாட்ஜில் ஒரு மஞ்சள் படகு கிடந்தது. ஒரு ஆள் உட்காருகிறது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு விளம்பரத்தை வரி வரியாக எனக்கு வாசித்துக் காட்டினாய். பாதி என் காதில் ஏறவில்லை. "ஆறு ஸ்கப்பர் இருக்குன்னு போட்டிருக்கான் மாப்ள. என்னமோ உதிரி சாமான் போலருக்கு. விடாம வாங்கி வச்சுக்குவோம்" என்றாய்.

நீ மொபெட்டை விற்றாய். முழங்கால் மடங்காதவனுக்கு அது எதற்கு என்றாய். நான் பல்செட் கட்ட மகள் அனுப்பிய பணத்தைப் போட்டேன். இன்றுவரை மகளிடம் டாக்டர் ஊரில் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொண்டுவருவதற்கு வண்டி வாடகை இல்லை. ஆலங்குளத்தில் சிமெண்டு ஏற்றிக் கேரளா போகிற லாரி வெறும் வண்டியாகத்தானே திரும்பும்? செட்டியார்பட்டி டிரைவர் ஒருவரைப் பிடித்து, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, படகைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.

அவர் இறக்கும்போது, "இது என்ன பெருசு, யானைக்குச் சோப்பு டப்பாவா?" என்றார்.

நீ அதைக் காதில் வாங்காமல் லாரிக்குள் எட்டிப் பார்த்து, "அந்த ஆறு ஸ்கப்பர் எங்க?" என்று கேட்டாய். அவருக்கு என்ன தெரியும்? லாரியில் மிச்சம் இருந்தது சிமெண்டுத் தூசிதான். நான் படகைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் வரிசையாக ஆறு ஓட்டை. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நுழைகிறது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் வானம் தெரிகிறது.

நீ லாட்ஜ்காரருக்குப் போன் போட்டுக் கத்தினாய். "ஓட்ட வேணும் சேட்டா, ஓட்ட இல்லெங்கில் வெள்ளம் போகில்லா" என்று அவர் சிரித்தார். போனை வைத்துவிட்டு, "ஏமாத்திட்டான்லே. ஓட்டப் படகத் தள்ளிட்டு, ஓட்ட வேணுங்கான்" என்றாய்.

என் ஆயுசு முழுக்க ஒழுகுகிறதை அடைத்துத்தான் சோறு தின்றிருக்கிறேன். "நான் இருக்கேன்ல மாப்ள" என்று மார்தட்டினேன். எம்சீல் வாங்கி ஆறு ஓட்டையையும் மேலேயும் கீழேயும் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலால் தடவினால் தெரியாதபடி பண்ணினேன். நீ மேற்பார்வை பார்த்தாய். வேலை முடிந்ததும் எனக்கு ஒரு சல்யூட் வேறு வைத்தாய்.

மாசி மாசம். கண்மாயில் மடைப்பக்கம் இடுப்பளவு தண்ணீர்தான் கிடந்தது. முதலில் நான் ஏறுவது என்று ஏற்பாடு. படகோடு வந்த மிதவை ஜாக்கெட்டைப் போடு என்று நீ கரையிலிருந்து உத்தரவு போட்டாய். இடுப்பளவு தண்ணீருக்கு ஜாக்கெட்டா என்று நான் போடவில்லை. ஏறும்போதே படகு சாய்ந்து ஒரு வாளித் தண்ணீரை அள்ளியது. துடுப்பு போடப் போட இன்னும் கொஞ்சம். மேலே விழுந்த தண்ணீர் போகத்தான் வழியில்லையே! நான் இடது பக்கம் சாய்ந்தால் அது இடது பக்கம் ஓடுகிறது. வலது பக்கம் சாய்ந்தால் என்னைவிட முந்தி வலது பக்கம் ஓடுகிறது. நாலாவது ஆட்டத்தில் நான் தலைகீழாகச் சேற்றுக்குள் போனேன்.

எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்க்கிறேன். நீ நாற்காலியோடு சேர்ந்து குலுங்குகிறாய். கண்மாய்க் குத்தகைக்காரர் மடைமேல் நின்று, "ஏ பெருசுகளா, மீன் புடிக்கப் போறீகளா, எரும குளிப்பாட்டப் போறீகளா?" என்கிறார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கப்பர்னா என்னன்னு இப்பத் தெரிஞ்சு போச்சுலே! அந்த ஓட்டதான்! மேல விழுற தண்ணி அது வழியாத்தான் கீழ போகணும்! நீ அடச்சியே, அதுதான் ஸ்கப்பரு!" என்று கத்தினாய்.

அந்த எம்சீலைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. ஐந்து ஓட்டை திறந்தது. ஆறாவது அசையவில்லை. "விடு, மில்லுக்கு ஞாபகமா இருக்கட்டும்" என்றாய். அந்த இரண்டு நாளும் டீக்கடை, சலூன், பால்கோவாக் கடை என்று எல்லா இடத்திலும் நான் சேற்றுக்குள் போன கதையைச் சொன்னாய். சொல்லும்போது என்னைப்போலக் கையைக் காலை ஆட்டி நடித்தும் காட்டினாய்.

எனக்கு வஞ்சம் தீர்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. படகின் பின்பக்கம் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. 135 கிலோ என்று போட்டிருந்தது. எண் எனக்குத் தெரியும். உன்னால் குனிந்து பார்க்க முடியாது என்பதும் தெரியும்.

"ஆமா மாப்ள, இதுல எம்பது கிலோதான் தாங்கும்னு போட்டிருக்கு. நீ எம்புட்டு?" என்றேன்.

நீ ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாய். "தொண்ணூத்தி ஒண்ணு" என்றாய்.

"அப்ப நீ ஒக்காந்தா அஞ்சு ஓட்டையிலயும் குத்தால அருவி மாதிரி தண்ணி மேல வரும். கொறச்சிட்டு வா, ஏத்துறேன்."

ஒரு வாரம் விளையாடிவிட்டு உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் நீ மறுநாளே பரோட்டாவை விட்டாய். ராத்திரிச் சோற்றை விட்டாய். மாசம் ஒரு தடவை பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறி நின்றாய். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும், "இரும்பு வெலயா போடட்டா, பேப்பர் வெலயா போடட்டா?" என்று கேட்டார். என்னையும் ஏற்றி நிறுத்துவாய். நான் எப்போதும் ஐம்பத்தி நாலு. "பஞ்சு வெலதான் போடணும் இவனுக்கு" என்பாய்.

இந்த வேடிக்கை எனக்கு ருசித்துவிட்டது. சொல்லவில்லை. உன் முன்னால் உட்கார்ந்து பால்கோவாவை விரலால் வழித்து வழித்துத் தின்றேன். பல் இல்லாதவனுக்குத் தோதான பண்டம். "ஒரு வாய் தின்னேன் மாப்ள, யாரு பாக்கா?" என்பேன். நீ தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவாய். ஆடித் தேரன்றுகூட நீ வாயில் எதுவும் வைக்கவில்லை. என்ன வைராக்கியம் இவனுக்கு என்று ஆச்சரியப்பட்டேன். ஐப்பசியில் உன் பட்டாளத்து பெல்ட்டில் ஆணியால் மூன்று ஓட்டை புதிதாகப் போட்டிருந்தாய். ஓட்டையை அடைக்கத் தெரிந்த எனக்கு, புது ஓட்டை எதற்கு என்று கேட்கத் தெரியவில்லை.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. மறுகால் போகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ தராசில் எழுபத்தி நாலு. படித்துறைப் பக்கம் படகைக் கொண்டுபோய், நாற்காலியில் இருந்து ஏறுவதுபோல் ஏறினாய். காலை நீட்டினாய். ஜாக்கெட்டை மாட்டி ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தாய். நான் தள்ளிவிட மட்டும்தான் செய்தேன். நீ மெதுவாக நடுவுக்குப் போனாய். தூண்டிலைத் தொடவே இல்லை. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மடையிலிருந்து ஒரு கொக்கு எழுந்து உன் தலைக்கு மேலே போனதுகூட உனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. இதை மாசியிலேயே நீ பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று கரையில் நின்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நீ வந்தாய். இறங்கவில்லை. "ஏலே, நீயும் ஏறு" என்றாய்.

"ஒரு ஆளு படகு மாப்ள. தாங்காது."

"நூத்தி முப்பத்தஞ்சு தாங்கும்லே. நான் எழுபத்தி நாலு, நீ அம்பத்தி நாலு. ஏழு கிலோ மிச்சம் இருக்கு. அதுக்கு மீன் புடிப்போம். ஏறு."

நீ ரொம்ப நிதானமாகச் சொன்னாய்: "வெளம்பரத்த வாசிச்சது யாரு? நீயா நானா? மொத நாளே தெரியும்லே. நீ எம்பதுன்னதும் என்னமோ ஏமாத்துறான்னு பாத்தேன். பொறவு கூட்டிப் பாத்தேன். எம்பதும் ஒன் அம்பத்தி நாலும் நூத்தி முப்பத்தி நாலு. ஒனக்கே தெரியாம சரியாத்தான் சொல்லிருக்க. கொறச்சா ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாமேன்னு கொறச்சேன்."

பின்பக்கம் சாமான் வைக்கிற குழியில் நான் உட்கார்ந்தேன். முதுகோடு முதுகு ஒட்டியிருந்தது. உன் முதுகெலும்பு என் முதுகில் குத்தியது. படகு தாழ்ந்தது. ஐந்து ஓட்டை வழியாகவும் தண்ணீர் மேலே வந்து இரண்டு பேரின் வேட்டியையும் நனைத்தது. "குத்தால அருவின்னியே, இதான்" என்றாய். சாயங்காலம் வரை நனைந்த வேட்டியோடு நடுக்கண்மாயில் மிதந்தோம். உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு ஜிலேபி மீன் கிடைத்தது. அதை நீ தண்ணீரில் விட்டாய். எடை கூடிவிடுமாம்.

அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம் மாப்ள. நாலாவது ஞாயிற்றுக்கிழமை நீ மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தாய். வயிற்றில் கட்டி என்றார்கள். முற்றிவிட்டது என்றார்கள். நான் பார்க்க வந்தபோது நர்ஸ் உன்னைத் தராசில் நிறுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "இப்ப இன்னொரு ஆளையும் ஏத்தலாம்லே" என்றாய். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்பு அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பங்குனிக்குள் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரம்மா, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"ஆடியிலருந்தே அவியளுக்குச் சோறு எறங்கலண்ணே. ஏன் சாப்பிட மாட்டேங்கீகன்னு கேட்டா, படகுக்காகக் கொறைக்கேன்பாக. நானும் சரின்னு விட்டுட்டேன். ஒங்க மேல கோவமில்ல. ஆனா அந்தப் படகு மட்டும் இல்லன்னா, ஆடியிலயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

நான் அந்தப் பொய்யை அவளிடம் சொன்னேன். ஸ்டிக்கரில் இருந்த எண், நான் சொன்ன எண், பால்கோவா தின்றது, எல்லாம். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அவியளுக்குத் தெரியும்ணே" என்றாள். "மொத நாளே வந்து சொல்லிச் சிரிச்சாக. பய பொய் சொல்லுதான், ஆனா நல்ல பொய்யி, வெளிய சொல்லிராதன்னாக." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். காப்பி ஆறும் வரை வெளியே வரவில்லை.

அந்த எழுபத்தி நாலில் எத்தனை கிலோ நீயாகக் குறைத்தது, எத்தனை கிலோ நோய் தின்றது? வலி வந்தபோது நீ என் பொய்யைப் போர்த்திக்கொண்டு படுத்தாயா, இல்லை உனக்கே அது வலி என்று தெரியவில்லையா? எனக்குச் சேர வேண்டிய பங்கு எவ்வளவு என்று கேட்டால் நீ சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பு எனக்குப் போதாது மாப்ள. இருந்தாலும் கேட்கிறேன். மன்னித்துக்கொள்.

இந்தக் கார்த்திகையிலும் கண்மாய் நிறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஜாக்கெட் போடுகிறேன், எல்லா வாரையும் இழுத்துப் பார்க்கிறேன். மீன் கிடைத்தால் தங்கச்சி வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறேன். யாராவது உடம்பைக் குறைக்கிறேன் என்று சொன்னால் நான் இப்போது கேலி பண்ணுவதில்லை. சோறு இறங்குதா என்று கேட்கிறேன். இரும்புக் கடைக்காரரிடம்கூடக் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

ஆனால் ஒன்று. நான் ஒருவன் ஏறினால் படகு தாழ்வதே இல்லை. ஓட்டை வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வருவதில்லை. போன வாரம் ஒரு கோணிச் சாக்கில் மணலை அள்ளி, இரும்புக் கடையில் எழுபத்தி நாலு கிலோ நிறுத்து, குத்தகைக்காரரைக் கைப்பிடிக்கச் சொல்லி உன் இடத்தில் வைத்தேன். பின்னால் குழியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். படகு தாழ்ந்தது. தண்ணீர் மேலே வந்தது. வேட்டி நனைந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. செத்த நேரம் கழித்து, "என்ன மாப்ள, ஒண்ணும் பேச மாட்டேங்க?" என்று கேட்டேன். மூட்டை என்னைத் திட்டவில்லை.

கரைக்கு வந்து அதை அவிழ்த்து மடையோரமாகக் கொட்டினேன். மறுபடி நான் மட்டும் ஏறி நடுவுக்குப் போனேன். மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது வேட்டி காய்ந்து கிடந்தது.